சரியா இருக்கு மேடம்!

போன செவ்வாய்க்கிழமை மெட்ராஸிலிருந்து ஒரு பெரிய கவர் வந்தது. உள்ளே நூறு படிவங்கள். நல்ல வழவழப்பான தாள், மூலையில் நூல் கோத்து, ரொம்ப நேர்த்தியாக இருந்தது. தலைப்பு — 'கம்ப்யூட்டர் தகவல் சரிபார்ப்புப் படிவம்'.

அதில் இரண்டு கட்டங்கள். முதல் கட்டம், 'திருச்சியிலிருந்து தெரிவிக்கப்பட்ட எண்'. இரண்டாவது கட்டம், 'சரிபார்த்ததன் முடிவு'. அந்த இரண்டாவது கட்டம் காலியாக இல்லை. அதற்குள் ஒரு வார்த்தையை முன்கூட்டியே அச்சடித்தே அனுப்பிவிட்டார்கள்.

'சரி.'

கீழே கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். போதவில்லை. இன்னொரு டம்ளர் குடித்தேன்.

இந்தப் பக்கத்தில் நான் கியாஸ் சிலிண்டருக்காகப் புலம்பியிருக்கிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்காமல் போகும் டவுன் பஸ்ஸைத் திட்டியிருக்கிறேன். 'இந்த அம்மாவுக்கு எப்பப் பார்த்தாலும் கோபம்தான்' என்று மணப்பாறையிலிருந்து ஒரு வாசகர் கார்டு கூடப் போட்டிருந்தார். உண்மைதான் ஐயா. ஆனால் இந்த வாரம் என் கோபத்துக்குக் காரணம் சொல்லிவிட்டுத்தான் கோபப்படப் போகிறேன். கேட்டுவிட்டு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எனக்கு ஆபீஸ் தில்லை நகரில். வீடு திருவானைக்காவலில். வேலை — கம்ப்யூட்டர். பதினைந்து வருஷம் காலேஜில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் இந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தவள் நான். திரையில் பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கோடு மினுக் மினுக் என்று காத்துக்கொண்டிருக்கும். நாம் ஒரு கட்டளையை டைப் அடிக்க வேண்டும். எழுத்துப் பிசகாமல் அடித்தால் வேலை நடக்கும். ஒரு எழுத்துப் பிசகினாலும் 'தப்பான கட்டளை' என்று முகத்தில் அடித்தாற்போல் பதில் வரும். பட்டம் படித்தவள், பெரியவள் என்ற மரியாதையெல்லாம் அதனிடம் கிடையாது.

எங்கள் ஆபீஸுக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் வேலை வந்தது. பெயர் வேண்டாம். குமாஸ்தா வேலைக்கு எழுத்துத் தேர்வு வைத்திருந்தார்கள். அதில் தேறிய திருச்சி வட்டாரத்து ஆட்களின் பெயர், பதிவு எண், முகவரி, மார்க் — எல்லாவற்றையும் நாங்கள் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஃப்ளாப்பியில் பதிந்து, மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும். அங்கே அதை வைத்து நேர்முகத் தேர்வுக்கான கடிதங்களை அச்சடித்துத் தபாலில் போடுவார்கள்.

ஃப்ளாப்பி என்பது அப்பளம் மாதிரி. கறுப்பு அப்பளம். வளைந்தால் போச்சு, தூசி பட்டால் போச்சு, ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தால் போச்சு. அதை ஒரு கவரில் போட்டு ரயிலில் அனுப்பிவிட்டு, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது நாம் அனுப்பியதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அதற்காக நான் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன்.

கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அத்தனை எண்களையும் வரிசையாகக் கூட்டி, கடைசியில் ஒரே ஒரு ஐந்து இலக்க எண்ணாகச் சொல்லிவிடும் என் புரோகிராம். இங்கே வந்த எண்ணும் அங்கே வந்த எண்ணும் ஒன்றாக இருந்தால், பண்டம் பத்திரம். வேறாக இருந்தால் வழியில் ஏதோ கெட்டுவிட்டது. அவ்வளவுதான் விஷயம். அந்தக் கட்டளைக்குக் 'கூட்டு' என்று பெயர் வைத்தேன். 'மேடம் கூட்டு பண்ணிட்டாங்க, பொரியல் எப்போ?' என்று ஆபீஸில் ஒரு மாதம் இதே ஜோக். சகித்துக்கொண்டேன்.

ஜோக்கைவிடக் கடுப்பான விஷயம் ஒன்று உண்டு. என் முதல் கூட்டு ஊசிப்போன கூட்டு. டைப் அடிக்கும் வசந்தா ஒரு நாள், ஏற்கனவே ஏற்றிய பட்டியலை இரண்டாம் முறை அடிக்கும்போது, 47 என்ற மார்க்கை 74 என்று மாற்றி அடித்துவிட்டாள். என் கட்டளை அசரவே இல்லை. அதே எண்ணைக் காட்டியது! ஏன் காட்டாது? நாலும் ஏழும் பதினொன்று, ஏழும் நாலும் பதினொன்று. பதினைந்து வருஷம் கணக்கு வாத்தியார்... தலையில் அடித்துக்கொண்டேன். பிறகு எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்துப் புதிதாக எழுதினேன். அதற்கப்புறம் ஓர் எழுத்து இடம் மாறினால்கூட எண் மாறியது. இனி யாரும் ஏமாற்ற முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மனுஷனை மறந்துவிட்டேன்.

மெட்ராஸ் ஆபீஸில் எங்கள் ஃப்ளாப்பியை வாங்கிக்கொள்பவர் வரதன். முகம் பார்த்ததில்லை. டிரங்க் கால் குரல் மட்டும்தான் பழக்கம். நல்ல மனிதர். ஃப்ளாப்பி போய்ச் சேர்ந்த அன்று, கூட்டுக் கட்டளையும் அதிலேயே இருக்கிறது என்பதை நினைவுபடுத்திவிட்டுச் சொன்னேன்.

"வரதன், எனக்கு வந்த நம்பர் 38214. உங்களுக்கு அதே நம்பர் வருதா பாருங்க."

"முப்பத்தெட்டாயிரத்து இருநூத்திப் பதினாலு. சரியா இருக்கு மேடம்."

நானும் ரெஜிஸ்டரில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. அந்தக் கட்டளை ஓடி முடிய அரை நிமிடம் ஆகும். அவர் இரண்டு நொடியில் பதில் சொன்னார். எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. டிரங்க் காலில் கேட்ட பதில் கிடைத்துவிட்டால் போதும், போனை வைத்துவிடுவதுதானே நம் வழக்கம்?

மூன்று வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, ஒரு பெண் எங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். பருத்திப் புடவை, கையில் ரெக்ஸின் பை. பெயர் ஸ்டெல்லா. லால்குடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சொல்லிக்கொடுக்கிறவள்.

"நேர்முகத் தேர்வு திங்கக்கிழமைங்க மேடம். எங்க இன்ஸ்டிட்யூட்ல படிச்ச ரெண்டு பேருக்கு லெட்டர் வந்துடுச்சு. எனக்கு வரலை."

"பாஸ் பண்ணியிருந்தாத்தான் வரும்மா."

"பாஸ் பண்ணிட்டேங்க. பரீட்சை எழுதின ஸ்கூல்ல நோட்டீஸ் போர்டுல என் நம்பர் ஒட்டியிருந்துச்சு. நீங்க டைப் பண்ண லிஸ்ட்டுதான்னு சொன்னாங்க. அதான் உங்ககிட்டயே வந்தேன்."

ஹால் டிக்கெட்டை எடுத்து நீட்டினாள். நான் எங்கள் பட்டியலை எடுத்துப் பார்த்தேன். இருந்தாள். நல்ல மார்க். முகவரியில் ஒரு பிழை இல்லை.

"தபால்ல எங்கேயாவது..." என்று இழுத்தேன்.

"போஸ்ட் ஆபீஸ்ல மூணு நாளா கேட்டுட்டேன். போஸ்ட்மேன் என்னைப் பாத்தா இப்ப வேற தெருவுல போறாரு." சிரிக்க முயன்றாள். முடியவில்லை. "எனக்கு அடுத்த மாசம் முப்பது முடியுதுங்க. அதுக்கப்புறம் இந்த வேலைக்கு அப்ளிகேஷனே போட முடியாது."

எங்கள் மேனேஜர் சுந்தரத்திடம் போனேன். அவர் தலை நிமிரவே இல்லை.

"நம்ம வேலை ஃப்ளாப்பி அனுப்பறதோட முடிஞ்சுதும்மா. அதுக்கப்புறம் அவங்க பாடு."

"அங்க ஏதாவது கெட்டுப்போயிருந்தா சார்?"

"எப்படிக் கெடும்? நீங்கதானே பெரிசா செக் பண்ற கட்டளை எல்லாம் எழுதினீங்க?" ரெஜிஸ்டரைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். "பாருங்க. 'சரி.' யார் கையெழுத்து இது?"

என் கையெழுத்து. தெளிவாக, அழகாக இருந்தது.

எதிரி நம்மைத் திட்டினால் பதில் சொல்லலாம். நாமே எழுதிக் கொடுத்த சான்றிதழை எடுத்து நீட்டினால் என்ன செய்வது? பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தேன். மெட்ராஸுக்கு அர்ஜென்ட் கால் புக் பண்ணினேன். ஸ்டெல்லா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அர்ஜென்ட் கால் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். பதினொரு மணிக்குப் புக் பண்ணினது ஒன்றரை மணிக்கு வந்தது.

"வரதன், அந்தத் திருச்சி லிஸ்ட்டுல ஒரு பேர் விட்டுப்போயிருக்கு."

"சான்ஸே இல்ல மேடம். அன்னிக்கே நம்பர் ஒத்துப்போச்சே. சரியா இருக்கு மேடம்."

"அந்த ஃபைல் இன்னும் உங்க மெஷின்ல இருக்கா?"

"இருக்கு மேடம்."

"கூட்டுக் கட்டளையை இப்ப அடிங்க. வர்ற நம்பரைச் சொல்லுங்க."

"நீங்க உங்க நம்பரைச் சொல்லுங்க மேடம், பாத்துச் சொல்றேன்."

"மாட்டேன்."

"மேடம்?"

"சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க."

கம்பியில் காற்று இரையும் சத்தம். டெலிபோன் ஆபரேட்டர் நடுவில் வந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, எக்ஸ்டென்ட் பண்ணவா?" என்றார். "பண்ணுங்க!" என்று நான் கத்தினதில் ஸ்டெல்லா பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள்.

தூரத்தில் கீ போர்டு தட்டும் ஓசை. அப்புறம் அரை நிமிடம். இந்த முறை நிஜமான அரை நிமிடம்.

"மேடம்..." குரல் இறங்கியிருந்தது. "இங்க 51907-ன்னு வருது."

38214 எங்கே, 51907 எங்கே!

"அன்னிக்கு நீங்க இந்தக் கட்டளையை அடிக்கவே இல்லை. அப்படித்தானே?"

"...நீங்கதான் நம்பரைச் சொல்லிட்டீங்களே மேடம்."

நியாயமான பதில்தான்! தேர்வில் கேள்வியோடு விடையையும் சேர்த்து அச்சடித்துக் கொடுத்துவிட்டு, பையன் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டான் என்று சந்தோஷப்பட்ட வாத்தியார் நான்.

மெல்ல மெல்ல மீதிக் கதையும் வெளியே வந்தது. ஃப்ளாப்பியை அங்கே காப்பி எடுக்கும்போது, ஒரு இடத்தில் படிக்க முடியாமல் மெஷின் நின்றிருக்கிறது. அப்படி நின்றால் அது ஒரு கேள்வி கேட்கும். 'நிறுத்திவிடவா, மறுபடி முயற்சி பண்ணவா, கண்டுகொள்ளாமல் விடவா?' மூன்று எழுத்தில் ஒன்றை அழுத்த வேண்டும்.

"எதை அழுத்தினீங்க வரதன்?"

"முதல் எழுத்தை அடிச்சா மொத்தமா நின்னுடும் மேடம். ரெண்டாவதை அடிச்சா மறுபடி அதே கேள்வி வரும். மூணாவதை அடிச்சாத்தான் வேலை முடியுது."

கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். மெஷினும் சொன்னபடி கேட்டது. படிக்க முடியாத இடத்தில் குப்பையை நிரப்பிவிட்டு மேலே போயிற்று. அச்சடிக்கும் புரோகிராம் குப்பையைப் பார்த்ததும், 'இது ஆள் இல்லை' என்று தாண்டிவிட்டது. எங்கேயும் ஒரு மணி அடிக்கவில்லை. ஒரு சிவப்பு விளக்கு எரியவில்லை. பட்டியலில் பதினோரு பேர் காணாமல் போயிருந்தார்கள். அதில் ஒருத்தி என் முன்னால் ரெக்ஸின் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அடுத்து என்ன? தேர்வுக் குழு சனிக்கிழமை காலை மெட்ராஸிலிருந்து திருச்சிக்குப் புறப்படுகிறது. வெள்ளிக்கிழமை சாயந்திரத்துக்குள் பதினோரு பேரும் அவர்கள் பட்டியலில் ஏற வேண்டும். ஃப்ளாப்பிக்கு நேரம் இல்லை. போனில் பெயரும் மார்க்கும் சொன்னால், 'பதினேழா, எழுபதா?' என்ற கதையாகிவிடும். இருப்பது ஒரே வழி, இங்கே அடித்தால் கம்பி வழியாக அங்கே தாளில் விழும் டெலக்ஸ்.

பாலக்கரையில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் டெலக்ஸ் மெஷின் இருந்தது. முதலாளி எனக்குத் தெரிந்தவர். வெள்ளிக்கிழமை காலை அங்கே போய் உட்கார்ந்தேன். டெலக்ஸுக்கு எல்லா எழுத்தும் தெரியாது. பெரிய எழுத்து, எண், ஒன்றிரண்டு குறிகள், அவ்வளவுதான். எங்கள் ஃபைலில் இருந்த மற்ற குறிகளுக்கெல்லாம் பதிலாக இரண்டிரண்டு எழுத்துகளாக முதல் நாளே மாற்றி எழுதி வைத்துக்கொண்டேன். ஆளுக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரிக்கும் தனியாகக் கூட்டு போட்டு, அந்த எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஆம். அனுப்பவில்லை. செருகிக்கொண்டேன்.

வரதனுக்கு உத்தரவு இதுதான். டெலக்ஸில் வரும் வரியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போக வேண்டும். கம்ப்யூட்டரில் அதை அப்படியே அடிக்க வேண்டும். கட்டளையைக் கொடுக்க வேண்டும். வந்த எண்ணோடு கீழே இறங்கி வந்து டெலக்ஸில் எனக்குத் தெரிவிக்க வேண்டும். பதினோரு முறை. முனகாமல் ஏறி இறங்கினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆறு வரிகள் சரியாக வந்தன. ஏழாவது வரிக்கு அவர் சொன்ன எண் வேறு. என் இடுப்புத் தாளில் இருந்த எண் வேறு.

"உங்களிடம் உள்ள வரியை அப்படியே திருப்பி அனுப்புங்கள்" என்று கேட்டேன். வந்தது. பழனியாண்டி, திருவெள்ளறை. பெயர் சரி, முகவரி சரி. மார்க் எழுபது என்று அனுப்பியிருந்தேன். அங்கே பத்து என்று விழுந்திருந்தது. கம்பியில் எங்கோ ஒரு சின்ன இரைச்சல், ஏழு ஒன்றாகிவிட்டது. அவ்வளவுதான். பழனியாண்டி என்ற ஒரு மனிதர் எழுபதிலிருந்து பத்துக்கு விழுந்துவிட்டார், அவர் அப்போது வயலில் நின்றிருந்தாரோ, சாப்பிட்டுக்கொண்டிருந்தாரோ.

மறுபடி அனுப்பினேன். இந்த முறை எண் ஒத்தது.

மாலை நாலு மணிக்குப் பதினோரு பேரும் பட்டியலில் ஏறினார்கள். ஹால் டிக்கெட்டோடு நேரில் வந்தால் போதும், கடிதம் வேண்டாம் என்று மெட்ராஸ் ஆபீஸர் சொல்லிவிட்டார். தந்தியும் கொடுத்துவிட்டார்கள்.

"லால்குடிக்கு உள்ள இருக்கிற ஊருக்கெல்லாம் சனி ஞாயிறுல தந்தி வந்து சேராதுங்க மேடம்" என்றாள் ஸ்டெல்லா. அவள் மறுநாளும் வந்திருந்தாள். "திங்கக்கிழமை மத்தியானம்தான் குடுப்பாங்க. லால்குடிப் பக்கம் அஞ்சு பேரு, திருவெள்ளறை ஒண்ணு. நான் பஸ்ல போய்ச் சொல்லிட்டு வந்துடறேன்."

சுந்தரம் சிரித்தார். "உனக்கென்னம்மா வந்தது? நாலு பேர் கொறைஞ்சா உனக்குத்தானே நல்லது?"

ஸ்டெல்லா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அவங்களும் என்னை மாதிரி போஸ்ட்மேனைப் பாத்துக்கிட்டுத்தானே சார் உக்காந்திருப்பாங்க?"

சுந்தரம் ஃபைலைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்.

மீதி நாலு பேர் என் பங்கு. ஒருவர் திருவானைக்காவல், இருவர் ஸ்ரீரங்கம், ஒருவர் உறையூர். நல்ல செய்தி கொண்டுபோகிறோமே, ஆரத்தி எடுப்பார்கள் என்று நினைத்தீர்களா? ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு வீடு. பையனின் அப்பா கதவைப் பாதி திறந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளையாண்டான் ஆத்துல இல்லையே. பெருமாள் சேவிக்கப் போயிருக்கான். என்ன விஷயம்?"

சொன்னேன்.

"லெட்டர் எங்கே?"

"லெட்டர் வராதுங்க. கம்ப்யூட்டர்ல தப்பாயிடுச்சு. அதான் நேர்ல சொல்ல வந்தேன்."

"லெட்டர் இல்லாம எப்படிம்மா நம்பறது? யாராவது ஏமாத்தறவாளா இருந்தா?"

"நான் உங்ககிட்ட ஒண்ணுமே கேக்கலையே சார்! திங்கக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு உங்க பையனை ஹால் டிக்கெட்டோட அனுப்புங்க, அவ்வளவுதான்."

"கம்ப்யூட்டர் தப்பே பண்ணாதும்பாளே?"

உள்ளேயிருந்து பையனின் அம்மா வந்தார். "வெயில்ல வந்திருக்கா, வாசல்ல நிக்கவெச்சுக் கேள்வி கேக்கறேளே! உள்ள வாங்கோ, தீர்த்தம் சாப்பிடுங்கோ" என்று என்னை மீட்டார். போகும்போது, "அவனை நான் அனுப்பறேன், நீங்க போயிட்டு வாங்கோ" என்று மெல்லச் சொன்னார்.

உறையூர்க்காரர் வேலை கிடைத்து பம்பாய்க்கே போய்விட்டிருந்தார். அவருக்கு இந்த வேலையே வேண்டாம். மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

ஸ்டெல்லா சனி, ஞாயிறு இரண்டு நாளும் சுற்றியிருக்கிறாள். திருவெள்ளறையில் பழனியாண்டியின் வீட்டைக் கண்டுபிடிக்க வெயிலில் மூன்று மைல் நடந்தாளாம். அவர் வீட்டில் இல்லை. வயலுக்கே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். திங்கட்கிழமை பம்பாய்க்காரரைத் தவிரப் பத்துப் பேரும் ஹாலில் இருந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டு வாசலில் நின்று எண்ணினேன். ஸ்டெல்லா எல்லோருக்கும் கடைசியாக உள்ளே போனாள். போகுமுன் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

ஒன்றரை மாதத்தில் முடிவு வந்தது.

பத்துப் பேரில் மூன்று பேருக்கு வேலை. பழனியாண்டிக்குக் கிடைத்தது. ஸ்ரீரங்கத்துப் பிள்ளையாண்டானுக்குக் கிடைத்தது. ஸ்டெல்லாவுக்குக் கிடைக்கவில்லை.

அச்சில் வந்த அந்தப் பட்டியலைப் படித்த அன்று எனக்கு வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. ஊரில் இருக்கிற கோளாறுகள் எல்லாம் நல்லவர்கள் பக்கம்தான் சாய வேண்டுமா? ஆறு ஊர் சுற்றிச் சொன்னவளுக்கு இதுதானா என்று வீட்டுக்காரரிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்? மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டு, "ஆமாம் ஆமாம்" என்றார்.

இரண்டு நாள் கழித்து ஸ்டெல்லாவே ஆபீஸுக்கு வந்தாள். அதே ரெக்ஸின் பை. நான் ஏதேதோ ஆறுதல் சொல்ல ஆரம்பித்தேன். அவள் நடுவிலேயே நிறுத்தினாள்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இந்த ரிசல்ட் லிஸ்ட்டும் கம்ப்யூட்டர்ல போட்டதுதானே?"

"ஆமா."

"அதுக்கும் அந்தக் கட்டளையை அடிச்சுப் பாத்தீங்களா?"

இல்லை. பார்க்கவில்லை. அந்த ரிசல்ட்டோடு மெட்ராஸிலிருந்து வந்த ஃப்ளாப்பி என் மேஜையில் கவரோடு கிடந்தது. அவள் முன்னாலேயே பிரித்தேன். மெஷினில் போட்டுக் கட்டளையை அடித்தேன். அரை நிமிடம். எண் வந்தது. தாளில் எழுதினேன். மெட்ராஸுக்குக் கால் புக் பண்ணினேன். அன்றைக்கு என்ன புண்ணியமோ, இருபது நிமிடத்தில் கிடைத்தது.

"வரதன், ரிசல்ட் ஃபைலுக்கு உங்க நம்பர் என்ன?"

"ஒரு நிமிஷம் மேடம், அடிச்சுப் பாத்துச் சொல்றேன்."

காத்திருந்தோம். நான் ரிசீவரை அவள் காதுக்கும் என் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டேன். வரதன் ஒவ்வோர் இலக்கமாகச் சொன்னார். ஸ்டெல்லா என் தாளில் ஒவ்வோர் இலக்கத்தின் மேலும் விரலை வைத்துக்கொண்டே வந்தாள்.

ஐந்தும் ஒத்தது.

விரலை எடுத்துக்கொண்டாள். ஒரு பெருமூச்சு. அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்பச் சரிங்க மேடம்."

"சரியாவது... எனக்கு மனசே கேக்கலைம்மா."

"இல்ல மேடம். தோத்தது வேற, தொலைஞ்சது வேற. அன்னிக்கு நான் தொலைஞ்சு போயிருந்தேன். இன்னிக்குத் தோத்திருக்கேன். தோத்தா தூக்கம் வரும்."

நாலரை பஸ்ஸுக்கு நேரமாகிறது, இன்ஸ்டிட்யூட்டில் ஆறு மணி பேட்ச் காத்திருக்கும் என்று கிளம்பிவிட்டாள். அவளுக்கு முப்பது முடிந்துவிட்டது. லால்குடியில் டைப் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பிழை விட்டால் முழுப் பக்கத்தையும் திருப்பி அடிக்கச் சொல்கிறாள் என்று மாணவிகள் முறையிடுகிறார்களாம். நன்றாக முறையிடட்டும்.

இத்தனைக்கும் பிறகுதான் மெட்ராஸிலிருந்து அந்த நூறு படிவங்கள், 'சரி' என்று அச்சடித்தபடியே! யோசித்துப் பார்த்தால், நாம் யாரையும் எதையும் சரிபார்க்கச் சொல்வதே இல்லை. ஒப்புக்கொள்ளத்தான் சொல்கிறோம். 'மருந்து போட்டாச்சா?' 'ஆச்சு.' 'கேட்டைப் பூட்டினாயா?' 'பூட்டிட்டேன்.' 'புரிஞ்சுதா?' — வகுப்பில் நான் பதினைந்து வருஷம் கேட்ட கேள்வி. அறுபது தலைகள் ஒரே மாதிரி ஆடும். அதில் எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்? கடவுளுக்கே வெளிச்சம். 'என்ன புரிஞ்சுது, நீ சொல்லு' என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் பாடம் முடியாதே! வேலை முடிய வேண்டுமே!

ஒரு மனுஷியைத் தோற்கடிக்க உலகத்துக்கு உரிமை உண்டு. தொலைத்துவிட்டு, 'சரி' என்று கையெழுத்துப் போட யாருக்கும் கிடையாது — எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.